துணிக்குள் அடங்கிய கை

மாஸ்டர் கத்திரியை எடுத்தால் முடி தானாக வழிவிடும் என்று ஊரே சொல்லும். அந்தப் பெயரை நம்பித்தான் முடி திருத்தும் பயிற்சிப் பள்ளியில் அவரை வாத்தியாராக்கினார்கள். அவரும் சொந்த சலூனை இழுத்து மூடிவிட்டு வந்து சேர்ந்தார். ஒரே ஒரு குறைதான். அவரிடம் படிக்கும் யாரும் இதுவரை ஒரு தலையைக்கூட முழுசாக வெட்டி முடித்ததில்லை.

பின்னே, வெட்ட விட்டால்தானே? மாணவர் சீப்பை வைக்கும் கோணத்தைப் பார்த்ததுமே மாஸ்டருக்குக் கை பரபரக்கும். "இங்க குடுங்க" என்று கத்திரியைப் பிடுங்குவார். கண்ணை மூடித் திறப்பதற்குள் தலை ஜோராகிவிடும். மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு அவர் இலவச சலூன் நடத்தினார் என்பதுதான் உண்மை.

பள்ளி முதல்வரம்மா மாஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "வியாழக்கிழமை நான் வகுப்புல வந்து உக்காருவேன். ஒருத்தராவது ஒரு தலைய முழுசா முடிக்கணும். இல்லன்னா நீங்க சலூனுக்கே திரும்பிடலாம்."

திரும்ப சலூன் ஏது? அதைத்தான் மூடியாயிற்றே. வீட்டில் புலம்பினால் மனைவி அசரவில்லை.

"எனக்கு ஸ்கூட்டர் சொல்லிக் குடுத்தீங்களே, அதே கததான். பின்னாடி உக்காந்துகிட்டு ஹேண்டில நீங்களே பிடிச்சீங்க. நான் இன்னிக்கும் பஸ்லதான் போறேன்."

வியாழக்கிழமை, தலை கொடுக்க ஒப்புக்கொண்டிருந்த வாட்ச்மேன், கத்திரியோடு நிற்பது மாஸ்டர் இல்லை என்று கண்டதும் கம்பி நீட்டிவிட்டார். முதல்வரம்மா நாற்காலியைக் காட்டினார்.

"நீங்களே உக்காருங்க மாஸ்டர்."

வகுப்பில் 'மெதுவண்டி' என்று பெயரெடுத்த மாணவி, அவர் கழுத்தில் துணியைக் கட்டி உடம்பு முழுக்கப் போர்த்தினாள். சீப்பு கோணலாக வந்தது. துணிக்குள் மாஸ்டரின் கை துள்ளியது. வெளியே வர வழியில்லாமல் அடங்கியது. வேறு வழியின்றி வாயைத் திறந்தார்.

"சீப்ப சாயுங்க."

"எவ்வளவு மாஸ்டர்?"

அவர் துணிக்குள்ளேயே விரலை அசைத்துக் கணக்குப் பார்த்தார். கைக்குத் தெரிந்ததை வாய்க்கு அவர் சொல்லியே கொடுத்ததில்லை. "காதுக்குப் பின்னாடி விரல வெச்சுப் பாருங்க. எலும்பு தட்டுதா? அங்கேருந்து தலையோட வளைவுலயே மேல கொண்டு போங்க."

"இத மொத நாளே சொல்லியிருக்கலாமே" என்றார் சுற்றி நின்றவர்களில் ஒருவர்.

திடீரென்று பின்னால் 'சரக்' என்றது. கத்திரி அப்படியே நின்றது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்று அத்தனை பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். அவருக்கு உயிர் போய் வந்தது. பார்த்துப் பார்த்து வளர்த்த முடி.

"சரி, போனது போச்சு. சுத்தி அதே அளவுக்கு இறக்கிடுங்க. அவசரமே வேண்டாம்."

மெதுவண்டி அவசரப்படவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போன பிறகு கத்திரியைக் கீழே வைத்தாள். முதல்வரம்மா மாஸ்டரின் தலையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அழகுன்னு சொல்ல மாட்டேன். ஆனா முடிச்சிருக்காங்க. நீங்க இருங்க."

மெதுவண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாஸ்டருக்கு ஆயிரம் தலை வெட்டியும் வராத சந்தோஷம், ஒரு தலையைப் பறிகொடுத்ததில் வந்தது.

மாலையில் மனைவி கதவைத் திறந்து, அவர் தலையைப் பார்த்து, சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினாள். மாஸ்டர் கண்டுகொள்ளவில்லை. பையிலிருந்து அந்தத் துணியை எடுத்துத் தன் கழுத்தில் இறுக்கிக் கட்டி, இரண்டு கையையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஸ்கூட்டர் சாவிய எடு," என்றார். "நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."