ஏழாம் வழியில் இடப்பக்கம் திரும்பவும்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவன் நான். வாய்தவறிச் சொன்னதல்ல, மெய்ப்புப் பார்த்து, பச்சை அட்டை போட்டு, அச்சில் சொன்னது.

மலைநடை போகிறவர்களுக்காக நான் ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். காட்டுக்குள்ளும் மலையிடுக்குகளிலும் போகும் பன்னிரண்டு வழிகள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் பாறை வழுக்கும், எந்த மரத்தடியில் உட்கார்ந்தால் எறும்பு ஏறும், எல்லாம் உண்டு. ஏழாம் வழியை நடக்க வேண்டிய வாரத்தில் எனக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. பதிப்பாளரோ காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கூப்பிட்டார். காலுக்கடியில் இரண்டு தலையணை வைத்துக்கொண்டு, கட்டிலில் படுத்தபடியே வரைபடத்தைப் பார்த்து எழுதி முடித்தேன். வரைபடத்தில் வலப்பக்கம் போன கோடு என் வாக்கியத்தில் எப்படி இடப்பக்கம் போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

'தொங்குபாலத்தைக் கடந்ததும் இடப்பக்கம் திரும்பவும். இருபது நிமிட இதமான நடையில் அருவியின் உச்சியை அடையலாம்.'

அந்த 'இதமான' ஒன்றுக்காகவே என்னை உதைத்திருக்கலாம்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

'மலையிடுக்கின் மேல் பனி விலகி, சூரியனின் முதல் கதிர்' (நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தில் நான் வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். சூரியனைப் பார்க்கவே இல்லை.)

'அக்கா ஒரு வீரப் பெண்மணி' (படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். வேண்டாம்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாயில் நுரையோடு கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அக்காவிடமிருந்து செய்தி.

"உன் ஏழாவது வழிக்கு வந்துட்டேன். உள்ளே போனா சிக்னல் இருக்காது. மதியம் பேசறேன்."

வரைபடத்தை எடுத்து முதல்முறையாக என் வாக்கியத்தோடு ஒப்பிட்டேன்; கோடு வலப்பக்கம் போனது. நுரையை விழுங்கிவிட்டேன்.

3

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால், நான் ஏன் நுரையை விழுங்கினேன் என்று உங்களுக்குப் புரியாது.

அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். இருபத்தாறு வருடம் ஒரே தடம்; இரண்டு மாதம் முன்புதான் ஓய்வு பெற்றாள். ஒருமுறை தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பக்கத்துச் சந்து வழியாகப் போகலாம் என்று பயணிகள் எல்லோரும் கத்தினார்கள். எழுத்தில் உத்தரவு வரும்வரை அக்கா வண்டியை நகர்த்தவில்லை. மருந்துப் புட்டியில் 'நன்றாகக் குலுக்கவும்' என்று இருந்தால் கை வலிக்கும்வரை குலுக்குவாள்.

(இப்படியும் ஒரு ஆள் இருக்க முடியுமா என்று நீங்கள் சந்தேகப்படலாம். மூன்று வயதிலிருந்து அவள்தான் என்னை வளர்த்தாள். எனக்கே சில நாள் சந்தேகம் வரும். ஆனால் கற்பனைப் பாத்திரமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நம்பும்படி படைத்திருப்பேன்.)

அப்படிப்பட்டவளிடம், இடப்பக்கம் திரும்பு என்று அச்சில் சொல்லியிருக்கிறேன்.

4

மலையடிவாரத்து வனத்துறைச் சாவடியில் ஒருவர்தான் இருந்தார். நடைவழிப் பாறைகளில் சிவப்பு அம்புக்குறி போடுவது அவர் வேலை. எல்லோரும் அவரைப் பெயிண்டர் என்றே கூப்பிட்டார்கள். சாம்பல் நிறத் தொப்பி வைத்த ஒரு அம்மா போனாரா என்று கேட்டேன்.

"ஏழரைக்கே போனாங்க. ஏன் சார்?"

"பாலத்துக்கிட்ட இடது பக்கம் திரும்பியிருப்பாங்களோன்னு..."

"இடது பக்கம் வழியே கிடையாதே!" என்றவர் சட்டென்று என்னைப் பார்த்தார். "பச்சை அட்டைப் புத்தகம் வச்சிருந்தாங்களா?"

"ம்."

"போச்சு." கயிற்றை எடுத்துத் தோளில் மாட்டினார். மறு கையில் பெயிண்ட் டப்பா. அது இல்லாமல் அவரால் நடக்க முடியாது போல.

வழி செங்குத்தாக ஏறியது. ஈரச் சருகு, வேர், மறுபடி ஈரச் சருகு. எனக்கு மூச்சு வாங்கியது. அவர் பேசிக்கொண்டே ஏறினார்.

"மூணு வருஷத்துல இவங்க ஒம்பதாவது ஆளு. வலது பக்கம் இவ்வளவு பெருசா அம்பு போட்டிருக்கேன். ஆனா ஜனங்களுக்குப் பாறையை விடப் புத்தகத்து மேலதான் நம்பிக்கை. மத்தவங்க பாதியில பயந்து திரும்பிட்டாங்க. திரும்பாத ஆளு ஒருத்தர் வந்துட்டா என்ன பண்றதுன்னுதான் எனக்குத் தூக்கமே வராது."

திரும்பாத ஆளை எனக்குத் தெரியும். நான் வேகமாக ஏறினேன்.

"கடுதாசி கூடப் போட்டேன் சார். பதிலே இல்ல."

(அந்தக் கடிதம் வந்தது. பதிப்பாளர் எனக்கு அனுப்பியிருந்தார். 'நீங்கள் சொல்லும் இடத்தில் அருவி இல்லை' என்று இருந்தது. நான் அதை ஓர் இலக்கிய விமர்சனமாக எடுத்துக்கொண்டு, வாசகர் கடிதங்களோடு இழுப்பறையில் போட்டுவிட்டேன்.)

"அதை எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"கிடைச்சா?"

"இந்தச் சிவப்பை அவன் மூஞ்சியில பூசி, பாலத்துக்கிட்ட நிறுத்தி வச்சிடுவேன். தூரத்துலேருந்தே தெரியும், ஆபத்துன்னு."

"செய்ய வேண்டியதுதான்" என்றேன். வேறென்ன சொல்ல?

5

தொங்குபாலம் இரண்டு மலைகளுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தது. எண்பதடி கீழே, இடுக்குக்குள் ஆறு வெள்ளையாக உறுமியது. கடந்ததும் வலப்பக்கம் அகலமான தடம். இடப்பக்கம் புதர், புதருக்குள் புதிதாக ஒடிந்த கிளைகள். அப்பால் கல் உருளும் சரிவு.

(இந்த இடத்தில் உத்தி தெரிந்த எழுத்தாளர் வெறும் தொப்பியை மட்டும் காட்டி உங்களைப் பதற வைப்பார். எனக்கு மனம் வரவில்லை. அக்கா உயிரோடு இருக்கிறாள். அன்று அது எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.)

"அக்கா!" என்று கத்தினேன். ஆற்றின் சத்தம் அதை விழுங்கிவிட்டது. மறுபடி கத்தினேன். உட்கார்ந்தும் சறுக்கியும் இறங்கினேன். முட்டி கிழிந்தது. மூன்றாம் முறை குரலே வரவில்லை.

ஒரு வளைவு தாண்டியதும் அவள் இருந்தாள். கட்டில் அகலத்துக்கு ஒரு பாறை விளிம்பு. அதில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் என் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். பத்தடி தள்ளி மலையே முடிந்துபோயிருந்தது. அதற்கப்பால் காற்றுதான்.

"இருபது நிமிஷம்னு போட்டிருக்கு" என்றாள், கடிகாரத்தைக் காட்டி. "சரியா இருபது நிமிஷம் நடந்தேன். அருவி வரல. நிறுத்தம் இருக்க வேண்டிய இடத்துல இல்லேன்னா, அதுக்கு மேல வண்டியை எடுக்கக் கூடாது. நின்னுட்டேன்."

இருபத்தொன்று என்று எழுதியிருந்தால்? அந்தக் கணக்கை நான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

"மேல ஏறப் பாத்தேன், கல்லு உருளுது. அதான் உட்கார்ந்துட்டேன். அது சரி, அருவி எங்கடா? நீதானே எழுதினே?"

எனக்குப் பின்னால் கல் உருளும் சத்தம் நின்றது.

"நீங்களா?" என்றார் பெயிண்டர்.

நான் திரும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் என்னைத் தாண்டி இறங்கினார். அக்காவின் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். "அம்மா, இந்த வேரைப் பிடிங்க. இப்ப இடது கால். அவசரமே இல்ல" என்று அவளிடம் மட்டும் பேசினார். மேலே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. பாலத்தருகே வந்ததும் டப்பாவைத் திறந்து தூரிகையை என் முன் நீட்டினார்.

"பூசுங்க."

நான் தொப்பியைக் கழற்றி முகத்தை நீட்டினேன்.

"மூஞ்சியில இல்லய்யா. பாறையில."

இடப்பக்கப் பாறையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். கோணலாக வந்தது. "இன்னொரு தடவை" என்றார். மூன்று தடவை போட வைத்தார்.

6

அக்கா பாலத்துக் கம்பத்தில் சாய்ந்து தண்ணீர் குடித்தாள். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இந்தப் பகுதியை எழுதியிருக்கமாட்டேன்.

"ஆறு வாரமா ஆறு வழி நடந்தேன்டா" என்றாள். "வருஷக்கணக்கா நீ எங்கெங்கயோ சுத்தினே. வீட்டுக்கு வந்தா ஒண்ணும் சொல்லமாட்டே. ரிட்டயர் ஆனதும், சரி, இவன் நடந்த இடமெல்லாம் போய்ப் பாப்போம்னு கிளம்பினேன். மூணாவது வழியில வளைஞ்ச மரத்தடியில உனக்குத் தொடை பிடிச்சுக்கிச்சுன்னு எழுதியிருந்தே. அந்த மரத்தடியில கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அஞ்சாவதுல உனக்குத் தண்ணி தீர்ந்துபோச்சு. அங்க வந்ததும் எனக்கே தாகமா இருந்துச்சு."

நான் கையிலிருந்த சிவப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது போகவில்லை.

"ஏழாவதை நேத்து படிக்கிறப்பவே சந்தேகம். அதுல உனக்கு எங்கயுமே கால் வலிக்கல."

"சந்தேகம் வந்தும் ஏன்க்கா போனே?"

"அச்சுல போட்டிருக்கேடா" என்றாள். பிறகு, ஆற்றைப் பார்த்தபடி, "உன்னைப் பொய் சொல்றவன்னு நினைக்கறதுக்கு, நடந்தே பாத்துடலாம்னு தோணுச்சு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. (இதை அழகாக எழுத வேறு வாக்கியங்கள் முயன்றேன். 'என் நெஞ்சுக்குள் ஓர் அருவி' என்றுகூட ஒன்று. அருவி விஷயத்தில் எனக்கு இனி உரிமை இல்லை.)

பெயிண்டர்தான் தொண்டையைச் செருமினார். "வலது பக்கம் அரை மணி நேரம். இதமா எல்லாம் இருக்காது. வர்றீங்களா?"

போனோம். அருவி இருந்தது. எனக்குக் கால் வலித்தது. அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன்.

7

முடிவுக்கு வருவோம். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

முதலாவது: மறுநாள் பதிப்பாளரிடம் உண்மையைச் சொன்னேன். "திருத்தச் சீட்டுல எழுத்துப்பிழை போடுவோம்யா. பாதாளத்தை எப்படிய்யா போடறது?" என்றார். போட்டார். விற்காத பிரதிகள் எல்லாவற்றிலும் சீட்டு ஒட்டியாயிற்று. பெயிண்டருக்கு மூன்று வருடம் தாமதமாகப் பதில் எழுதினேன். இது நடந்தது. ஆனால் அலுவலகக் கோப்பு போல முடிகிறது.

இரண்டாவது: அக்கா என்னை மன்னித்தாள், இருவரும் கைகோத்துக்கொண்டு சூரியன் மறையும்

(இல்லை. அவள் மன்னித்ததாகச் சொல்லவே இல்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான், நேற்று, இந்தக் கதையின் ஆறாம் பகுதிவரை படித்துவிட்டு.)

"எட்டாவது வழி நிஜமா நடந்ததுதானே?"

"நடந்தேன்க்கா."

"முழுசா?"

நான் கணுக்காலைத் தடவிக்கொண்டேன்.

"பாதி. அப்புறம் மழை வந்துடுச்சு."

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "காலையில ஆறு மணிக்குக் கிளம்பறோம்" என்றாள்.

இப்போது மணி ஆறாகப் பத்து நிமிடம். அவள் கீழே வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறாள். பாதிவரை உங்களுக்கு என்னால் உறுதி சொல்ல முடியும்: ஓடை உண்டு, ஓடையைத் தாண்டிக் கல்படி உண்டு, படிமேல் வழுக்கும். அதற்கு மேல் காடு அடர்த்தியா, இடுக்கு குறுகலா, வழி மேலே போகிறதா கீழேயா என்று எனக்கும் தெரியாது. போய்ப் பார்க்காமல் இனி ஒரு வரி எழுதுவதாக இல்லை. அவசரப்படுகிறவர்கள் மீதியை நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஆனால் எதற்கும் முதலில் நடந்து பார்த்துவிடுங்கள்.