பாதி விலைக்கு ஒரு மடக்கு போன்

என் கணவர் பியோங்சிக், தேகு நகரப் பேருந்து ஓட்டுநர். மடக்கு போனுக்கு ஆசைப்படுகிற ஆள் இல்லை. பழைய போனில் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து யூன்சோ கூப்பிட்டால்? அந்தப் பயம்தான் அவரைப் போன் கடைக்குத் துரத்தியது. நானும் கூடப் போனேன்.

யூன்சோ எங்கள் ஒரே மகள். அரசு வேலைத் தேர்வு இனி எழுத மாட்டேன் என்றதற்கு, "என் மூஞ்சியிலயே முழிக்காதே" என்று கத்தினார் இந்த மனுஷன். போய்விட்டாள். நம்பரையும் மாற்றிக்கொண்டாள். பிறகு வாடகை வீட்டின் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்ல, நாங்களும் வீடு மாறினோம். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அப்பா நம்பர் ஒன்றுதான். சின்ன வயதில் அதைப் பாட்டாகவே பாடுவாள்.

கடைக்காரன் வாயில் தேன். "வாங்கப்பா! போன வருஷ மாடல், பாதி விலை. புது நம்பரா எடுத்தா இன்னும் குறையும்ப்பா."

எங்கள் ஊர்க் கடைகளில் வயதானவர்களை அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். அது வியாபாரம். ஆனால் மகள் வாயால் இவர் அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருஷம்! முகம் இளகிவிட்டது.

"நம்பர் மாறக் கூடாது" என்றேன்.

"கவலையே வேணாம்மா. பழைய நம்பருக்கு வர்றதெல்லாம் இதுக்கே வந்துடும். இப்பவே அடிச்சுப் பாருங்க."

அடித்தேன். புதுப் போன் மணியடித்தது. எத்தனை நாளைக்கு என்று கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கேடு வரும் பின்னே, மதி கெட்டு வரும் முன்னே. புது நம்பருக்கே கையெழுத்துப் போட்டார்.

ஒரு வருஷம் கழித்து, அறுவடைப் பண்டிகைக்குச் சாமான் வாங்கும்போது பழக்கத்தில் பழைய நம்பரை அழுத்திவிட்டேன். யாரோ ஒரு பெண் எடுத்தாள்.

"இது இப்ப என் நம்பருங்க, கம்பெனில எனக்குக் குடுத்துட்டாங்க. போன மாசம்கூட ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. எடுத்ததுமே 'அப்பா'ன்னுச்சு. ராங் நம்பர்னு வெச்சுட்டேன்."

"எந்த நம்பர்லேர்ந்து?"

"அழிஞ்சு போச்சுங்க. அழுத மாதிரி இருந்துச்சு."

 வீட்டுக்கு வந்து அவரிடம் கொட்டினேன். "மலிவா வாங்குனீங்களே, நல்லா வாங்குனீங்க!"

அவர் போனை மடக்கினார், திறந்தார், மறுபடி மடக்கினார். அப்போது அது மணியடித்தது. பாய்ந்து திறந்தார்.

"அப்பா! நல்லாருக்கீங்களா? போன் கடைலேர்ந்து பேசறேன். புது மாடல் வந்திருக்குப்பா..."

பிடுங்கி எறியப் போனேன். என் கையை விலக்கிவிட்டார். அவன் அப்பா, அப்பா என்று விலை சொல்லி முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.