நோல்ஃபாவின் வண்டிக்கு என் கால்கள்

என் மனைவி நோல்ஃபா ஒன்றரை மீட்டர் உயரம்கூட இருக்கமாட்டாள். கால்நடை மருத்துவர். எங்கள் ஊர் கொய்யைக்கேயைச் சுற்றியுள்ள பண்ணைகளில் மாட்டுக்கும் குதிரைக்கும் என்ன வந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நான் நகராட்சி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு உயரம் ஒரு மீட்டர் தொண்ணூற்று நான்கு. எங்கள் கல்யாணப் படத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் நிற்கிறாள். தலை இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

அவளுடைய பழைய பிக்கப் வண்டி அந்தக் குளிர்காலத்தோடு உயிரை விட்டது. அடுத்த வாரமே சதுக்கத்தில் ரைமுந்தோவைப் பார்த்தோம். வடக்கே தெமுக்கோ நகரத்தில் நில அளவையாளராக இருந்தவர். மோட்டார் சைக்கிளிலேயே தெற்குவரை வந்தவருக்கு இங்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. வண்டியை விற்றுவிட்டு விமானத்தில் ஊர் திரும்பலாம் என்று, 'விற்பனைக்கு' என்ற அட்டையை அதன் மேல் மாட்டிவிட்டு பெஞ்சில் கோணலாக உட்கார்ந்திருந்தார்.

நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டி. இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள், முன்னால் கொக்கின் மூக்கு மாதிரி நீண்ட மட்கார்டு. தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. நோல்ஃபா பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் வைத்துக் கேட்டாள்.

"வால்வு கொஞ்சம் தட்டுது. மத்தபடி நெஞ்சு சுத்தமா இருக்கு."

நாங்கள் இருவரும் வண்டியைப் பிடித்துக்கொள்ள, குதிரைமேல் ஏறுவதுபோல ஏறினாள். கால்கள் அந்தரத்தில் தொங்கின.

"கால் எட்டலையேம்மா," என்றார் ரைமுந்தோ.

"காலேஜ்ல அஞ்சு வருஷம் வண்டி ஓட்டினவ நான். ஓடறப்ப காலுக்கு என்ன வேலை?"

போய்விட்டாள். எங்கள் சதுக்கத்துக்கு ஐந்து பக்கம். முதல் சுற்று முடிந்து எங்களைக் கடக்கும்போது, "ஒல்லி, இத வாங்கறோம்," என்றாள் என்னிடம். இரண்டாவது சுற்றில், "பெட்டி ரெண்டும் சேத்துத்தானே, ரைமுந்தோ ஐயா?" என்றாள். அவர் "ஆமாம்" என்பதற்குள் திரும்பிவிட்டாள். மூன்றாவது சுற்றில் அந்த "ஆமாம்" அவளுக்குக் கிடைத்தது. நான்காவது சுற்றில் காற்றடிக்கும் பம்பைக் கேட்டாள். பம்பு தரமுடியாது என்று அவர் ஐந்தாவது சுற்றில் சொன்னார். ஆறாவது சுற்றில்தான் எனக்கு உறைத்தது. அவளால் நிறுத்த முடியவில்லை.

"அடுத்த சுத்துல நிக்கிறேன். புடிங்க."

தறிகெட்டு ஓடும் காளையை மறிப்பதுபோல ஆளுக்கொரு பக்கம் பாய்ந்து பிடித்தோம். ரைமுந்தோ, "ஐயோ இடுப்பு" என்று முனகியபடியே பம்பையும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

மெக்கானிக் சீட்டின் பஞ்சை இரண்டு விரல் அளவு செதுக்கிப் பார்த்தார். போதவில்லை. எனவே நோல்ஃபா எதன் பக்கத்திலாவதுதான் நிறுத்துவாள். வீட்டு வாசலில் நடைபாதைக் கல், பெட்ரோல் பங்கில் திண்டு. பண்ணைக்காரர்கள் வாசலுக்கு வாசல் அவள் கால் ஊன்ற ஒரு மரக்கட்டையைப் போட்டுவைத்தார்கள். முதல் மாதத்தில் நான்கு முறை வண்டி சாய்ந்தது. நான்கு முறையும் அதற்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, பின்னாலேயே நடந்து நடந்து நிமிர்த்திவிட்டாள்.

நான் மட்டும் ஏறவே இல்லை. சைக்கிளில் போனாலே பல்லைக் கடித்துக்கொண்டு போகிறவன் நான்.

அக்டோபர் கடைசியில், இங்கே வசந்தம் தொடங்கியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலை தொலைபேசி அழைப்பு வந்தது. தெற்கே அறுபது கிலோமீட்டர் தள்ளி, பண்ணை வைத்திருக்கும் க்ளோரிந்தா அம்மாவின் குதிரை குட்டி போட முடியாமல் தவிக்கிறது. வழியில் சாலை வேலை நடக்கிறது, வண்டிகளை நிறுத்தி நிறுத்தித்தான் விடுகிறார்கள்.

"அங்க கட்டையும் இல்ல, திண்டும் இல்ல. உன் கால் வேணும், ஒல்லி."

"என் காலா?"

"காலத் தனியா அனுப்ப முடிஞ்சா அனுப்பு. நீ வீட்லயே இரு."

நான் பின்னால் உட்கார வேண்டும், அவள் என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினால் கால் கீழே, இரண்டு தட்டினால் மேலே என்று பேசிக்கொண்டோம். முதல் இருபது கிலோமீட்டர் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஓர் இறக்கத்தில் கண்ணைத் திறந்தேன். பள்ளத்தாக்கு முழுக்க ஊதாப் பூ. காற்று கன்னத்தைப் பிய்த்தது. என் வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது.

"சிரிக்கிறியா, அழறியா?"

"தெரியல. இன்னும் கொஞ்சம் வேகமாப் போ."

சாலை வேலை நடக்கும் இடத்தில் கொடிக்காரப் பெண் சிவப்புப் பலகையைக் காட்டினாள். ஒரு தட்டு. கால்களை இறக்கினேன். வண்டி மேசைபோல நின்றது. எனக்கு ஒரே பெருமை.

"உங்க உயரம் என்ன சார்?" என்று கேட்டாள் அவள்.

நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது பலகை பச்சைக்குத் திரும்பியது. முழங்காலில் இரண்டு தட்டு விழுந்தது. நான் கவனிக்கவில்லை. வண்டி என் அடியிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. கால்களை அகட்டியபடி நடுச்சாலையில் நான் மட்டும் நின்றேன்.

"உங்க வண்டி போயிருச்சு."

"தெரியுதும்மா."

அவள் வயர்லெஸ்ஸில் அடுத்த முனையைக் கூப்பிட்டாள். "இங்க பாரு, ஒரு அம்மா தனியாப் பேசிக்கிட்டே வருவாங்க. புருஷன் இங்க இருக்காருன்னு சொல்லிரு."

பத்து நிமிடத்தில் நோல்ஃபா திரும்பி வந்தாள். நிற்க முடியாதே, என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏன் இறங்கின?"

"நான் எங்க இறங்கினேன்? நீதான் போயிட்ட."

"உன் அக்காவப் பத்தி நாலு கிலோமீட்டர் பேசியிருக்கேன். பதிலே இல்ல. சரி, ஒத்துக்கிட்டான்னு நெனச்சேன்."

நான் பாய்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்தேன். அவள் சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. கொடிக்காரப் பெண் பலகையைக் கட்டிப்பிடித்துச் சிரித்தபடி சரளையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் ஒரு லாரி ஹாரனை அடித்து ஓய்ந்தது.

ஒருவழியாகப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது, குதிரைக்குட்டியின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கியிருந்தது. நோல்ஃபா தோள்வரை கையை விட்டு அதை நேராக்கினாள். இருபது நிமிடத்தில் ஈரமான ஒரு பழுப்புக் குட்டி வைக்கோலில் கிடந்தது. நாங்கள் மாத்தே மூலிகைத் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்து நின்றது. க்ளோரிந்தா அம்மா ஒரு துணி நிறையப் பொரித்த ரொட்டியைக் கட்டித் தந்தார்.

திரும்பும் வழியில் ஒரு பிரிவு. இடப்பக்கம் வீடு, வலப்பக்கம் ஏரி.

"மணி ரெண்டுதான் ஆகுது," என்றேன்.

"அதுக்கு?"

"சும்மா சொன்னேன். டாங்க்ல பெட்ரோலும் இருக்கு."

அவள் வலப்பக்கம் திருப்பினாள். ஞாயிறு மதியம்தான் வீடு வந்து சேர்ந்தோம்.

திங்கட்கிழமை என் முழங்கால் மடங்கவே இல்லை. கீழ்த்தட்டுப் புத்தகம் கேட்டு வந்தவர்களிடம், நீங்களே குனிந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.