பஞ்சிலிருந்து முளைத்த முள்

ஜிம்னோகாலிசியம் என்ற கேக்டஸுக்கு அவள் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீட்டில் பெயருக்கு அர்த்தமும் சேர்த்து எழுதிவைப்பது அவள் வேலை. கிரேக்கத்தில் 'அம்மணப் புல்லிவட்டம்' என்று பொருள். மொட்டின்மேல் முள்ளும் கிடையாது, ரோமமும் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்களே, 'மொட்டை மொட்டு' என்று போட்டுவிடலாமா என்று யோசித்தபடியே போனை எடுத்தாள்.

"நீ குடுத்த கள்ளி உடைஞ்சிடுச்சுடி. பாப்பா அதைத் தொட்டுட்டுக் கண்ணைக் கசக்கிட்டா. கண்ணைத் திறக்கவே மாட்டேங்கிறா."

அக்கா புது வீட்டுக்குக் குடிபோனபோது ஜன்னலில் வைக்கச் செடி கொடுத்தவள் அவள்தான். ஒரே தட்டில் இரண்டு வகைக் கன்றுகள் வேர்விட்டிருந்தன. அவசரத்தில் ஒன்றை எடுத்துத் தொட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டாள். ஒன்று செரியஸ், மெழுகுத்திரி என்று பெயர் வாங்கிய, நெட்டுக்குத்தாக வளரும் கேக்டஸ். மற்றது யூபோர்பியா, பால் வடிகிற கள்ளி. பார்வைக்கு அண்ணன் தம்பி. பிறப்பில் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தமிழில் இரண்டையும் கள்ளி என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. எதைக் கொடுத்தோம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டே இருக்கச் சொன்னாள். பால் வடிந்ததா என்று கேட்டாள். உள்ளே வெள்ளையாகத்தான் இருந்தது, தரையைத் துடைத்துவிட்டேன் என்று அக்கா தேம்பினாள். வெள்ளைச் சதையா, வெள்ளைப் பாலா? அக்காவிடம் அதற்குமேல் கேட்டுப் பயனில்லை. போனை மாமாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"மாமா, உடைஞ்ச துண்டை எடுத்து முள்ளோட அடியைப் பாருங்க. எதுலேருந்து முளைச்சிருக்கு?"

தண்ணீர் விழும் சத்தமும் குழந்தையின் அழுகையும் மட்டும் கேட்டன. கையிலிருந்த எழுதுகோலின் மூடியைக் கடித்துக்கொண்டிருப்பதை அவள் உணரவேயில்லை.

"அங்கங்க பஞ்சு மாதிரி சின்னதா ஒட்டிட்டிருக்கும்மா. ஒவ்வொண்ணுலேருந்தும் ஏழெட்டு முள்ளு."

அவள் அப்படியே மணல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பஞ்சுத் திட்டு கேக்டஸ் குடும்பத்துக்கு மட்டுமே உரியது.

"செரியஸ்தான் மாமா. அதுல பால் கிடையாது. ஆனாலும் முள்ளு ஏதாச்சும் போயிருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. நானும் வந்துடறேன்."

கண் டாக்டர் இமைக்கடியிலிருந்து ஒரு சிறு முள்ளை எடுத்துப்போட்டு, கருவிழியில் கீறல்கூட இல்லை என்றார். அக்கா தங்கையை முறைத்தாள். பிறகு அவள் தோளிலேயே சாய்ந்து மூக்கை உறிஞ்சினாள். இனிமேல் பிளாஸ்டிக் பூவே போதும் என்று அக்கா சொன்னபோது மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மாமாவின் மடியிலிருந்த குழந்தை, சொட்டு மருந்தில் பளபளத்த கண்ணை மெல்லத் திறந்தது. நல்ல கண்ணை ஒரு கையால் பொத்திக்கொண்டு சித்தியை ஏற இறங்கப் பார்த்தது.

"சித்தி, உன் மூக்குல மண்ணு."

"எங்கே, காட்டு" என்று அவள் முகத்தை நீட்டினாள். சின்ன விரல் ஒன்று தடுமாறாமல் நேராக வந்து அவள் மூக்கு நுனியைத் தொட்டது.