வெர்னாவின் பூட்டு

உருளைக்கிழங்கு வெட்டும் இயந்திரத்துக்குள் தலையை விடுகிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தன் பூட்டைத் தானே போட வேண்டும், தானே கழற்ற வேண்டும். மின்சார விசையோடு சேர்ந்து ஓட்டை ஓட்டையாக ஓர் இரும்புக் கொக்கி தொங்கும். உள்ளே இறங்குகிறவர்கள் அதில் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு மாட்டுவார்கள். பூட்டில் அவரவர் பெயர், போட்டோ. சாவி அவரவர் கழுத்தில். ஒரே ஒரு பூட்டு மிச்சமிருந்தாலும் இயந்திரம் ஓடாது. முதலாளியே வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றாலும் ஓடாது.

பூட்டு இருக்கிறது, ஆளைக் காணோம் என்றால் அதற்கும் முறை இருக்கிறது. மூடிகளையெல்லாம் திறந்து, ஒவ்வொரு திறப்பிலும் வாயை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவர் வெளியே கேட்கிற மாதிரி உரக்கப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் டார்ச்சோடு உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும். பிறகு வீட்டுக்குப் போன். அதுவும் எடுக்கப்படாவிட்டால் வீட்டுக்கே போய் ஆளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் பூட்டை வெட்டலாம்.

மேய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றைத் தாண்டினால் கனடா என்கிற ஊரில், அப்படியொரு தொழிற்சாலையில் வெர்னா சீர் துப்புரவு வேலை பார்த்தாள். பகல் ஷிப்ட் முடிந்ததும் கத்திகளில் காய்ந்துபோன மாவுப் பசையைச் சுரண்டி, நுரை அடித்து, வெந்நீர்க் குழாயால் கழுவி, நாக்கால் நக்கினாலும் ஒன்றும் ஆகாது என்கிற அளவுக்கு வைத்துவிட்டு வர வேண்டும். அறுபதை நெருங்குகிற வயசு. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். மகள் டெக்சாஸில். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன் வரும், அதிலும் பாதி நேரம் பேரப்பிள்ளை பின்னால் கத்துவதுதான் கேட்கும். பூட்டிலிருந்த போட்டோவில் வெர்னா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். "நீ சிரிச்சதுக்கு இருக்கற ஒரே சாட்சி இதுதான்டீ" என்று கூட வேலை பார்க்கும் ஜோஸ்லின் நக்கலடிப்பாள்.

போன இலையுதிர் காலத்தில் பக்கத்து வீட்டு ஆல்ஃபி மிஷோ சமையலறையில் விழுந்து செத்துப்போனான். யாருக்கும் தெரியவில்லை. தபால்பெட்டி நிரம்பி வழிகிறதே என்று தபால்காரிதான் போலீஸைக் கூப்பிட்டாள். கதவை உடைத்தபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாம். அத்தனை நாளும் வேலை முடிந்து வீடு திரும்பும்போது அவன் சமையலறை விளக்கு எரிவதை வெர்னா பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறாள். ஆல்ஃபி இன்னும் தூங்கவில்லை போல என்று நினைத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான். நான் விழுந்தால் யார் வந்து பார்ப்பார்கள்? குளியலறையில் வழுக்காத ரப்பர் விரிப்புப் போட்டாள். சுவரில் பிடிமானக் கம்பி அடித்தாள். விஷவாயு வந்தால் கத்துகிற கருவிக்குப் புது பேட்டரி. கணப்பின் புகைக்குழாயைப் பனி மூடிவிடக் கூடாதென்று வேளைக்கு ஒரு தடவை போய்த் தள்ளிவிட்டு வருவாள். நடையில் விளக்கு ஃப்யூஸ் போனதை மட்டும் மாற்றவில்லை. நாற்காலிமேல் ஏறித் தவறி விழுந்தால்? ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள எல்லாம் கடையில் கிடைத்தது. வந்துவிட்டால் கூப்பிடுவதற்கு ஓர் ஆள்தான் கிடைக்கவில்லை.

ஆல்ஃபியை அடக்கம் செய்த வெள்ளிக்கிழமை வெர்னா பூட்டைக் கழற்ற மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். நிஜமாகவே மறதிதான். மறுநாள் காலை அவள் கொல்லையில் இலை பெருக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு லாரி வந்து கிறீச்சிட்டு நின்றது. ஃபோர்மேன் ரெனால்ட் இறங்கினார். தலைமுடி முழுக்க மெஷின் கிரீஸ்.

"வெர்னா! உசுரோடதான் இருக்கியா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? கழுத்துல என்ன தொங்குது பாரு. வெர்னா, உள்ள இருக்கியா, வெர்னா, உள்ள இருக்கியான்னு ஓட்டை ஓட்டையாக் கத்தித் தொண்டையே போச்சு. இந்த வயித்தை வச்சுக்கிட்டு உள்ள வேற தவழ்ந்தேன். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கற."

அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சாவி. அழுகையும் வெட்கமும் சேர்ந்து வந்தன. ரெனால்ட் சத்தம் போட்டு முடித்ததும் உள்ளே வந்து உட்கார்ந்தார். அவள் ப்ளோய் சுட்டுப் போட்டாள். ஒரு பக்கம் மட்டுமே வேகவிடுகிற அந்த மஞ்சள் ரொட்டியில் வெண்ணெயைத் தடவிச் சுருட்டிச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டார். போகிறபோது கேட்காமலே நாற்காலியில் ஏறி நடைவிளக்கை மாற்றிக்கொடுத்தார்.

"இன்னொரு தடவை இப்படி நடந்தா வேலை போயிடும் வெர்னா. என்னால ஒண்ணும் செய்ய முடியாது. சட்டம் அப்படி."

வேறொருத்தியாக இருந்தால் அந்த எச்சரிக்கைதான் மனசில் நின்றிருக்கும். வெர்னாவுக்கு நின்றது வேறு. ஒரு மனுஷன் ஓட்டை ஓட்டையாக வாயை வைத்துத் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். பனிக்காலம் முழுக்க, கணப்புக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து, அதையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் ரெனால்ட் முழங்கால் ஆபரேஷனுக்குப் போனார். அவர் இடத்துக்கு வேறு ஊர்த் தொழிற்சாலையிலிருந்து கிர்பி என்பவன் வந்தான். சின்ன வயசு, நல்ல சுபாவம்தான், ஆனால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி எப்போதும் ஒரு பறப்பு. வெர்னாவின் கார் குளிரில் படுத்துவிட்டிருந்தது. ஜோஸ்லின்தான் மாசம் பூராவும் தன் வண்டியில் ஏற்றிப்போய் இறக்கிவிட்டாள். வழியெல்லாம் ஜோஸ்லின் தன் மருமகளைத் திட்டிக்கொண்டு வருவாள். வெர்னா "உம்" கொட்டிக்கொண்டு வருவாள். இறங்குகிறபோது வீடு இருட்டாக நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்தது. வண்டியைச் சூடேற்ற ஜோஸ்லின் முதலிலேயே தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டாள். கொக்கியில் வெர்னாவின் பூட்டு மட்டும் தொங்கியது. போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சாவியைக் கையில் எடுத்தாள். நாளைக் காலை ஷிப்டுக்கு விசையைப் போட வருகிறவன் இதைப் பார்ப்பான். உள்ளே கூப்பிடுவான். போன் பண்ணுவான். வீட்டுக்கு வருவான்.

வேலை போகும் என்று தெரியும். தெரிந்தேதான் சாவியைத் திரும்பவும் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். அவ்வளவு வறண்டுபோயிருந்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் எழுந்து வாசல் பனியைத் தள்ளினாள். வருகிறவன் வழுக்கி விழக் கூடாதென்று படியில் உப்புத் தூவினாள். பீன்ஸை அடுப்பில் வைத்தாள். ப்ளோய்க்கு மாவு கரைத்தாள். தலையை வாரி, நல்ல ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அது அடிக்கவில்லை. ஒருவேளை கெட்டுவிட்டதோ என்று எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. சாலையில் ஒரு சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடினாள். பனி தள்ளுகிற வண்டி. அவள் சுத்தம் பண்ணிய வாசலில் ஒரு வரப்புப் பனியை ஒதுக்கிவிட்டுப் போனது.

மத்தியானம் தாண்டியது. பொழுது சாய்ந்தது. கரைத்த மாவை வீணாக்க மனசில்லாமல் எல்லாவற்றையும் சுட்டு அடுக்கி வைத்துவிட்டு, இரண்டைத் தின்றாள். மிச்சத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அவமானமாக இருந்தது.

திங்கட்கிழமை ஜோஸ்லினோடு போனாள். பூட்ஸை நுரைத்தொட்டியில் முக்கி, தலைக்கு வலை மாட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே நுழைந்தாள். கருவிகள் வைக்கிற மேஜைமேல் அவளுடைய பூட்டு கிடந்தது. அதன் வளைவுக் கம்பி இரண்டு துண்டாக வெட்டப்பட்டிருந்தது.

கிர்பி ஒரு புதுப் பூட்டோடு வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "வெள்ளிக்கிழமை மறந்துட்டுப் போயிட்டீங்க. பரவால்ல, நான் மேல சொல்லல. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"உள்ள பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"நான் உள்ள இருக்கனான்னு."

அவன் சிரித்தான். "உங்க கார்தான் வெளிய இல்லையே."

"என் கார் மாசம் பூரா என் வீட்டு வாசல்லதான் பனிக்குள்ள நிக்குது. நான் ஜோஸ்லின்கூட வரேன்."

கிர்பியின் சிரிப்பு நின்றுவிட்டது. "போன தடவையும் நீங்க மறந்துதானே போனீங்க? அந்தம்மா மறக்கற ஆளுன்னு எல்லாரும் சொன்னாங்க. சரி, இதுவும் அப்படித்தான்னு..."

வெர்னா வெட்டுப்பட்ட பூட்டைக் கையில் எடுத்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. இவன் ஒரு தடவைகூடக் கூப்பிடாமல் விசையைப் போட்டிருக்கிறான். முதலில் வலித்தது அதுதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் வேறொன்று உறைத்தது. இனி எந்தப் பூட்டைப் பார்த்தாலும் இவன் மறதி என்றுதான் நினைப்பான். நாளைக்கு அது ஜோஸ்லினுடைய பூட்டாக இருக்கும். கத்திகளுக்கு நடுவில் ஜோஸ்லினின் தலை இருக்கும்.

வாயை மூடிக்கொண்டு புதுப் பூட்டை வாங்கிக்கொண்டால் வேலை இருக்கும். வேலை போனால் "உம்" கொட்டுவதற்குக்கூட ஆள் இருக்காது. இதையும் அவள் நினைத்துப் பார்த்தாள்.

ஷிப்ட் தொடங்கும் முன் எல்லோரும் வட்டமாக நின்று தோளைச் சுழற்றி, விரலை நீட்டி மடக்குவது வழக்கம். அது முடிந்ததும் பாதுகாப்பைப் பற்றி யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று ஃபோர்மேன் கேட்பார். யாரும் எதுவும் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. கிர்பி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்பினான்.

"எனக்கு இருக்கு," என்றாள் வெர்னா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வெட்டுப்பட்ட பூட்டைத் தூக்கிக் காட்டினாள். "சனிக்கிழமை இதை வெட்டிட்டு மெஷினை ஓட்டியிருக்காங்க. யாரும் உள்ள பாக்கல. பேர் சொல்லிக் கூப்பிடல."

"ஆனா அவங்கதான் மறந்துட்டு..." என்று கிர்பி ஆரம்பித்தான்.

"நான் மறக்கல. தெரிஞ்சேதான் விட்டுட்டுப் போனேன்." அவள் பூட்டைக் கீழே இறக்கினாள். "யாராவது தேடிக்கிட்டு வருவாங்களான்னு."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஜோஸ்லின் மட்டும் அவளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணை அன்றைக்கே முடிந்தது. கிர்பி அவன் ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டான். வெர்னாவுக்கு வேலை போயிற்று. கார் இல்லாததால் அவளால் அப்போதே கிளம்பவும் முடியவில்லை. ஜோஸ்லினின் ஷிப்ட் முடிகிறவரை கேன்டீனில் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வண்டியில் ஜோஸ்லின் பாதி வழி வரை வாயே திறக்கவில்லை. மருமகள்கூட அன்று தப்பித்தாள். பிறகு வெடித்தாள்.

"அந்தப் பூட்டை நம்பித்தான்டீ நான் கையை உள்ள விடறேன். அதை வச்சு விளையாடிட்டியே. உனக்கு அறிவு இருக்கா?"

"இல்ல."

"மாசம் பூரா என் பக்கத்துல உக்காந்து வந்தியே, பாவி. தனியா இருக்கப் பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீ கேக்கல."

வீட்டு வாசலில் வெர்னா இறங்கினாள். வண்டி 'வரேன்' என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டது.

அடுத்த நாள் யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. வெர்னா புகைக்குழாயைச் சுற்றிப் பனி தள்ளினாள். தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நடைவிளக்கைப் போட்டாள், அணைத்தாள். உண்மையைச் சொன்னதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் வீடு கிணறு மாதிரி இருந்தது. ஆல்ஃபியும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது. வாய்விட்டு அழுதாள்.

வியாழக்கிழமை மத்தியானம், துப்புரவு ஷிப்டுக்கு ஆட்கள் கிளம்புகிற நேரத்தில், போன் அடித்தது. அவள் எடுத்தாள். அந்தப் பக்கம் கார் இன்ஜின் உறுமுவது கேட்டது. அதற்கு மேலாக ஜோஸ்லினின் குரல், இன்னும் கோபம் தீராமல், இயந்திரத்தின் திறப்பில் வாயை வைத்துக் கத்துகிற மாதிரியே கேட்டது:

"வெர்னா, உள்ள இருக்கியா?"

வெர்னா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஏய், உன்னைத்தான்டீ! உள்ள இருக்கியா? சத்தமாச் சொல்லு. இல்லன்னா நான் அங்க வரணும், எனக்கு நேரமில்ல."

வெளியே கேட்கிற மாதிரி உரக்கச் சொல்ல வேண்டும் என்பதுதானே சட்டம். வெர்னா மூச்சை இழுத்துக்கொண்டு, வீடே அதிரும்படி கத்தினாள்.

"இருக்கேன்!"

"சரி," என்றாள் ஜோஸ்லின். "நாளைக்கும் இதே நேரத்துக்குக் கூப்பிடுவேன். போனை எடு."