ஆறரையடிக் கேரியர்

மஞ்சு ஜீப்பின் கூரைமேல் மண்டியிட்டு, கேரியரில் தளர்ந்திருந்த கடைசி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தாள். கீழே பந்தலில், ஐஸ் பெட்டிக்குள் அவளுடைய அப்பா கொளஞ்சி புது வேட்டியில் படுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் டீ குடிக்க உட்கார்ந்தவர், டம்ளரைக் கீழே வைக்காமலே போய்விட்டார். பெட்டியைச் சுற்றிப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். மேலே ஸ்பேனர் கிர்கிர்ரென்று சுற்றியது. மஞ்சுவுக்கு அழுகை வராமல் இல்லை. போல்ட் முடியட்டும் என்று அதை நிறுத்தி வைத்திருந்தாள்.

"ஏய் மஞ்சு, எறங்குடி கீழ," என்றார் சித்தப்பா தங்கராசு. "பெத்த அப்பன் செத்துக் கெடக்குறாரு. பொம்பளப் புள்ள வண்டி மேல ஏறி ஒக்காந்திருந்தா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"பாக்குறவங்க வந்து ஸ்பேனர் புடிக்கட்டும் சித்தப்பா. நான் எறங்கிடுறேன்."

தங்கராசு இடத்தை விட்டு நகரவில்லை. அவர் சொல்ல வந்தது வேறு விஷயம் என்பது மஞ்சுவுக்குத் தெரியும்.

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில், காலனித்தெருவுக்கென்று உள்ள சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கோடையில் ஆட்டுக்குட்டிகூட நடந்து கடந்துவிடும். ஐப்பசி பிறந்தால், இப்போதைப் போல, இடுப்பளவுத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடும். தண்ணீரில் இறங்காமல் போக வேண்டுமென்றால் பெரியவீட்டு வயல் வரப்பில் நடந்து மதகைத் தாண்ட வேண்டும். வரப்பில் கால் வைப்பதற்கு முன்னால் பெரியவீட்டு வாசலில் போய் நின்று கேட்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. ஆனால் நடப்பு அப்படித்தான்.

கொளஞ்சியின் அப்பா செத்தது ஒரு மழைக்காலத்தில். கொளஞ்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்றார். பெரியவர் பூசை முடித்து, பலகாரம் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுத் துப்பிவிட்டு வெளியே வந்தார். "பயிர மிதிக்காம தூக்கிட்டுப் போங்கடா" என்று உத்தரவானது. அடுத்ததாக அம்மா செத்ததும் மழைக்காலம்தான். இந்தத் தடவை அந்த வாசலுக்குப் போவதில்லை என்று வீம்பாகப் பாடையை ஓடையில் இறக்கினார். நடு ஓடையில் முன்னால் தூக்கியவனுக்குக் கால் வழுக்கியது. பாடை சாய்ந்தது. பெற்ற தாயைத் தண்ணீருக்குள் கையால் துழாவித்தான் எடுத்தார். அதன்பிறகு மழை இறங்கிவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி ஓய்ந்த மனிதர், ஏதோ ஆபீசில் ஏலம் போட்ட பழைய ஃபோர் வீல் ஜீப்பை வாங்கி, உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு பெரம்பலூர் வந்தார். அங்கே பைபாஸ் ஓரம் மஞ்சுவும் அவள் புருஷன் தமிழ்மாறனும் பட்டறை வைத்திருந்தார்கள். மலைக்கும் காட்டுக்கும் போகிற ஆசையில் சென்னைக்காரர்கள் பழைய ஜீப்புகளைக் கொண்டுவந்து விடுவார்கள். வெல்டிங் அவன் வேலை. மாட்டுவதும் ஓட்டிப் பார்ப்பதும் அவள் வேலை.

அப்பா கேட்டதையெல்லாம் செய்து கொடுத்தார்கள். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தினார்கள். சேற்றைக் கவ்வுகிற பட்டன் டயர் போட்டார்கள். எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயை, தண்ணீர் ஏறிவிடாதபடி, இடதுபக்கக் கண்ணாடி ஓரமாகக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். மேல் கேரியருக்கு அளவெடுக்கும்போதுதான் தகராறு வந்தது.

"ஆறரையடி வேணும்," என்றார் கொளஞ்சி.

"அவ்வளவு நீளத்துல எதப்பா ஏத்தப் போற?"

"என்னத்தான்."

சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கேரியர் மாட்டி முடிந்த அன்றைக்கு மேலே ஏறிக் கையைக் காலை நீட்டிப் படுத்து, "தலைமாட்டுல இன்னும் கொஞ்சம் எடம் இருக்கு, பரவால்ல" என்றார். பட்டறைக்கு வந்திருந்த ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "உம்ம வாயில மண்ணு விழ, எறங்கும் கீழ!" என்று அம்மா ஆண்டாயி தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். மஞ்சுவும் அன்று அப்பாவைத் திட்டத்தான் செய்தாள்.

போல்ட் இறுகியது. மஞ்சு குதித்து இறங்கினாள்.

"ஒரே ஒரு வார்த்தை," என்றார் தங்கராசு, குரலைத் தாழ்த்தி. "நான் போயி பெரியவீட்டு மணிமாறன்கிட்ட கேட்டுட்டு வந்துடுறேன். அவங்க அப்பா மாதிரி கெடையாது அவரு. ஒடனே விட்டுடுவாரு."

"விடுவாரு சித்தப்பா. நீங்க போயி நிக்கணும்ல?"

"நின்னா என்னடி? நாளைக்கு நம்ம பொம்பளைங்க அவரு வயல்லதான் களை எடுக்கணும். நீ பெரம்பலூருக்குப் போயிடுவ. நாங்க இங்கயே கெடக்கணும். அதுவும் இல்லாம, மனுசன் தோள்ல போகணும். சாமான் மாதிரி மேல கட்டிக் கொண்டு போறதா?"

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. மஞ்சு அதை ஒத்துக்கொண்டாள். "ஓடை வரைக்கும் தோள்ல கொண்டாங்க. அந்தக் கரையிலேருந்து திரும்பவும் தோள்ல. நடுவுல தண்ணியில மட்டும் அப்பா என் வண்டியில வரட்டும். அந்த வாசல்ல மட்டும் யாரும் போயி நிக்காதீங்க."

தங்கராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பறைக்காரர்களைக் கூப்பிடப் போனார். பெரியவீட்டுப் பக்கம் போகவில்லை.

பூ அலங்காரம் செய்ய வந்தவன் பெயர் பாவாடை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் சாவென்றால் அவன்தான். கை நிறையப் பூ வைத்தால்தான் அவனுக்குத் திருப்தி. பாடையை அலங்கரித்து மிச்சம் இருந்த செண்டுமல்லியை, யாரும் கேட்காமலே, ஓடைக்கரையில் நிறுத்தியிருந்த ஜீப்புக்கும் கட்ட ஆரம்பித்தான். பம்பருக்கு ஒரு சரம், கதவுக்கு ஒரு சரம். மஞ்சு அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. கேரியர்மேல் பாடையை ஏற்றி, பட்டறையிலிருந்து கொண்டுவந்த பெல்ட்டுகளால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் கொஞ்சம் இடம் இருந்தது.

பாடையைப் பிடித்துக்கொள்கிறோம் என்று பையன்கள் சிலர் மேலே ஏறப் பார்த்தார்கள். "யாரும் ஏறாதீங்க. மேல கனம் கூடுனா வண்டி கவுந்துடும்," என்று விரட்டினாள். தமிழ்மாறன் ஏற்கெனவே குழி வெட்டுகிறவர்களோடு கயிற்றைப் பிடித்து அக்கரைக்குப் போயிருந்தான். அடித்தரை கெட்டியாக இருக்கும் வழியில் மூங்கில் குச்சிகள் நட்டு வைத்திருந்தான்.

பெண்கள் கரையோடு நின்றுவிடுவது வழக்கம். அங்கே நின்று ஒருபாட்டம் அழுதுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆண்டாயி நிற்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடதுபக்கக் கதவைத் திறந்தாள்.

"அண்ணி, எங்க போறீங்க? பொம்பளைங்க வரக்கூடாது!" என்று தங்கராசு ஓடிவந்தார்.

"ஓட்டுறவ மட்டும் ஆம்பளயா?" என்றாள் ஆண்டாயி. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

மஞ்சு லோ கியரைப் போட்டாள். ஜீப் கரைச்சரிவில் மூக்கை இறக்கி ஓடைக்குள் புகுந்தது. தண்ணீர் பம்பரைத் தொட்டது, விளக்கை மூடியது, இரண்டாகப் பிளந்து கதவோரம் ஓடியது. பறை பின்னால் அதிர்ந்தது. எதிரே வரப்பில் ஒரு குடை தெரிந்தது. மணிமாறன்தான். வயல் வேலைக்கு வந்தவர்களும் கூட நின்று பார்த்தார்கள். மஞ்சு அந்தப் பக்கம் பார்க்காமல் மூங்கில் குச்சியை மட்டும் பார்த்து ஓட்டினாள்.

நடு ஓடையில் எஞ்சின் இருமியது.

ஆக்சிலேட்டரை அழுத்தினாள். வேகம் எடுக்கவில்லை. பின்னால் கரும்புகை கிளம்பியது. வண்டி மூச்சு முட்டுவது போல் திணறியது. இங்கே நின்றால் தீர்ந்தது. பிறகு ஸ்டார்ட் ஆகாது. மணிமாறன் ஆட்களை அனுப்புவார், கயிறு கட்டி இழுப்பார்கள், காலமெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். டீசல் இருக்கிறது. பம்ப் சரியாக இருக்கிறது. காற்றுதான் போகவில்லை. ஏன்?

இடதுபக்கம் நிமிர்ந்து பார்த்தாள். காற்றுக் குழாயின் வாயில், குடம் போலப் பெரிதாக, ஒரு செண்டுமல்லிப் பந்து செருகியிருந்தது. மொட்டையாக நிற்கிறதே என்று பாவாடை மனசு பொறுக்காமல் திணித்துவிட்டிருந்தான்!

"யம்மா! அந்தப் பூவப் புடுங்கு!"

"அது அப்பாவுக்குப் போட்ட பூவுடி!"

"புடுங்கும்மா! அப்பா நடு ஆத்துல நிக்குறாரு!"

ஆண்டாயி ஜன்னல் விளிம்பில் முழங்காலை ஊன்றி இடுப்புவரை வெளியே வந்தாள். ஒரு கையால் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் பூப்பந்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, புருஷனை ஏசிய அதே வாயால் பாவாடையின் பரம்பரையையே ஏசி, இன்னொரு இழு இழுத்தாள். நார் அறுந்து பூ முழுசாகக் கையோடு வந்தது.

எஞ்சின் ஒருமுறை செருமிவிட்டு உறுமியது. ஜீப் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு முன்னால் பாய்ந்தது. பட்டன் டயர் அக்கரைச் சேற்றைக் கவ்வியது. மூக்கை உயர்த்தி, கூரைமேல் கொளஞ்சியோடு, ஒரே மூச்சில் மேட்டில் ஏறி நின்றது. பின்கரையில் விசில் பறந்தது. ஒப்பாரி வைக்க வந்த பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். சாவுக்குக் குலவை போடக்கூடாது என்று யாருக்கும் அப்போது நினைவு வரவில்லை. பறைக்காரர்கள் அடியை மாற்றித் திருவிழா அடி அடித்தார்கள்.

மஞ்சு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, நிறுத்தி வைத்திருந்த அழுகையை அழுது தீர்த்தாள். அழும்போதே சிரிப்பும் வந்தது. எதையும் அவள் அடக்கவில்லை.

ஆண்கள் கயிற்றைப் பிடித்து ஓடையில் இறங்கி வந்து சேர்ந்தார்கள். கொளஞ்சியைத் தோளில் ஏற்றினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அவர்மேல் படவில்லை என்று தங்கராசு வேட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார். குழிக்குள் இறக்கியதும் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து மஞ்சுவிடம் நீட்டினார்.

"நீ மொதல்ல போடு," என்றார்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது ஜீப்புக்குப் பக்கத்தில் மணிமாறன் காத்திருந்தார். மதகு வழியாக நடந்து வந்திருந்தார் போல. குடையை மடக்கிக் கையில் வைத்திருந்தார்.

"கொளஞ்சி நல்ல மனுசன்," என்றார். "தண்ணி இன்னும் ஏறும் போலருக்கு. திரும்பவும் ஏன் அதுல எறங்குறீங்க? எல்லாரும் வரப்புலயே வந்துடுங்க. கேக்கவெல்லாம் வேணாம்."

மனசோடுதான் சொன்னார். அவர் முகத்தில் பொய் இல்லை. மஞ்சு பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தங்கராசு முந்திக்கொண்டார்.

"இருக்கட்டுங்க. எங்க வண்டி இருக்கு, நாங்க இப்புடியே போயிக்கிறோம்."

துண்டு அவர் தோளிலேயே இருந்தது. பின்கதவைத் திறந்து ஏறி, சேற்றுக்காலோடு உட்கார்ந்துகொண்டார்.

ஜீப் மறுபடியும் ஓடையில் இறங்கியது. சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் தலைமுழுகாமல் வீட்டுக்குள் போகக்கூடாது. நடு ஓடைக்கு வந்ததும், "கொஞ்சம் நிறுத்துடி" என்றாள் ஆண்டாயி. மஞ்சு எஞ்சினை உறுமவிட்டபடியே நிறுத்தினாள். ஆண்டாயி ஜன்னல் வழியாக அக்குள்வரை கையை விட்டு, ஓடுகிற தண்ணீரை அள்ளித் தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். பிறகு இன்னொரு கை அள்ளி மகள் தலையிலும் ஊற்றினாள்.