ஒத்திகைக்கு வராத வீடு

சுனாமி ஒத்திகைக்கு ஊரே தயார். என் தங்கச்சி றுஸ்தா மட்டும் தயாரில்லை.

மருதமுனைக் கடற்கரைப் பக்கத்து அனர்த்தக் குழுவில் பெண்கள் பகுதிக்குப் பொறுப்பு நான்தான். சைரன் கேட்டதும் எந்த ஒழுங்கை வழியாகப் போவது, படுக்கையில் கிடப்பவர்களை யார் தூக்குவது, யாருடைய பிள்ளையை யார் கூட்டி வருவது என்று வீடு வீடாகக் கத்திக் கத்தி என் தொண்டையே கட்டிப்போயிற்று. சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். அடுத்த நாள் போய்க் கேட்டால், “என்ன நுஸ்ரத் ராத்தா, எந்தப் பக்கம் எண்டு சொன்ன நீங்க?” என்று சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயமா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அவர்களை எப்படியும் ஓட வைத்துவிடலாம். றுஸ்தாவைத்தான் எழுப்ப முடியவில்லை.

அவள் இத்தாவில் இருந்தாள். அவளுடைய மாப்பிள்ளை முர்ஷிதின் தோணி கவிழ்ந்து, மையித்து தெற்கே கோமாரிப் பக்கம் கரையொதுங்கியது. அன்றிலிருந்து வெள்ளை உடுப்போடு உள்ளறையில் இருக்கிறாள். இத்தாக் காலம் முடியும்வரை வெளி ஆண்களின் கண்ணில் படக் கூடாது, வெளியே போகக் கூடாது. அது எங்கள் வழக்கம், அதில் எனக்கு ஒரு குறையுமில்லை. என்னுடைய பயம் வேறு. அந்த வீட்டு முற்றத்தில் நின்றால் அலை உடைவது தெரியும். ஒரு நாள் பின்னேரம் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். அவளுடைய மகள் நஸ்லின் உள்ளறை வாசற்படியில் விளையாடிக்கொண்டிருக்க, றுஸ்தாவிடம் கேட்டேன்.

“ஒத்திகையை விடு. உண்மையாவே கடல் வந்தா என்ன செய்வ?”

“வந்தா வரட்டுமே, ராத்தா,” என்றாள். “அவரக் கொண்டுபோனதுதானே. என்னையும் கொண்டுபோகட்டும்.”

குரல்கூட மாறவில்லை. சோற்றுக்கு உப்புக் காணாது என்று சொல்வதுபோல் சொன்னாள். அன்றைக்கு இரா முழுக்க எனக்கு நித்திரையில்லை.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சின்னப் பிள்ளை. ஒரு கையில் உம்மாவையும் மறு கையில் இவளையும் பிடித்துக்கொண்டுதான் ஓடினேன். தண்ணீர் அடித்ததும் இரண்டு கையும் வழுக்கிவிட்டன. எப்படியோ இவளுடைய சடை என் விரலில் சிக்கியது. அதை விடாமல் பிடித்து ஒரு மாமரத்தில் ஏற்றினேன். உம்மா சடை போடுவதில்லை, கொண்டைதான். உம்மா கிடைக்கவில்லை. பிறகு வருஷக்கணக்காக றுஸ்தா, “ராத்தா புடிச்ச இடம் இன்னும் நோகுது,” என்று தலையைத் தடவிக் காட்டிச் சிரிப்பாள். அப்படிக் காப்பாற்றி எடுத்த பிள்ளை இப்போது கடலுக்குப் பாய் விரித்துக்கொண்டு இருக்கிறாள்! எனக்குக் கோபம் வராதா?

பக்கீர் முகைதீன் மௌலவியிடமே போய்க் கேட்டேன்.

“உசிருக்கு ஆபத்தெண்டா இத்தா தடையில்ல மகள். வெளியாகத்தான் வேணும்,” என்றார்.

“ஒத்திகைக்கு, ஹசரத்?”

கொஞ்சம் யோசித்தார். “பழகாட்டி அந்த நேரம் கால் வராதுதானே. நல்லா மூடிக்கிட்டு, பொம்புளயளுக்கு நடுவுல போகலாம்.”

வாயெல்லாம் சிரிப்பாக ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே, “போகலாம் எண்டுதானே சொன்னாரு. போகத்தான் வேணும் எண்டு சொல்லல்லியே,” என்றாள். கொண்டுபோன கோப்பையைத் தரையில் வைத்த வேகத்தில் தேத்தண்ணி சிந்திவிட்டது. அதைத் துடைத்துவிட்டு வந்தேன், வேறென்ன செய்ய?

கடைசியில் இப்படி ஒழுங்கு செய்தேன். நஸ்லினை அடுத்த வீட்டு றஹீமா கூட்டி வருவாள். எல்லோரும் போன பிறகு வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்கிற வேலை றாஸிக்குடையது. நெசவுச் சாலையில் நூல் ஏற்றி இறக்குகிற பொடியன், நல்ல சுறுசுறுப்பு. அவனிடம், “எந்த வீட்ட விட்டாலும் றுஸ்தாட வீட்ட விடாத. கூப்பிட்டுப் பாரு. வராட்டி எனக்குச் சொல்லு,” என்றேன். “ஓம் ராத்தா, ஓம் ராத்தா,” என்றான்.

ஒத்திகை நாள் காலையில் சைரன் ஊளையிட்டது. ஒத்திகை என்று தெரிந்தும் கடல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் அறிவித்தார்கள். பெரிய வீதிக்கு அங்கால் இருந்த பாடசாலைக் கேற்றடியில் மெகாபோனோடு நான் நின்றேன். சனம் வந்தது. வந்தது என்றா சொன்னேன்? கல்யாண வீட்டுக்கு வருவதுபோல் வந்தது! ஒருத்தி பவுடர் பூசியிருக்கிறாள். ஒருவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு போனில் படம் எடுக்கிறார். “ஓடுங்க, கதைச்சது காணும், ஓடுங்க!” என்று நான் கத்தினேன்.

“ஊரையெல்லாம் ஓடச் சொல்ற. உண்ட தங்கச்சி எங்ககா?” என்று கூட்டத்தில் யாரோ கேட்டது காதில் விழுந்தது. விழாததுபோல் நின்றேன்.

றஹீமா மூச்சு வாங்க வந்தாள். தனியாக வந்தாள்.

“நஸ்லின் எங்க?”

“பாதி வழியில கைய உதறிட்டு ஓடிட்டா. உங்களுக்கிட்ட வந்திருப்பா எண்டு நினைச்சன்.” றஹீமாவின் முகம் வெளிறியது. “வரல்லியா?”

அதே நேரம் றாஸிக்கின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. “கடக்கரை ஒழுங்கை முழுக்கக் காலி!” என்று அறிவித்தான். மாவட்டக் காரியாலயத்திலிருந்து வந்திருந்த நல்லரெத்தினம் சேர் கைதட்டினார். “நல்லாவே செய்திருக்கிறீங்க,” என்றார். சுற்றி நின்றவர்களும் தட்டினார்கள்.

“றுஸ்தாட வீடு?” என்று றாஸிக்கிடம் கேட்டேன்.

அவன் குனிந்து மோட்டார் சைக்கிளின் ஸ்டாண்டைத் தள்ளினான்.

“கூப்பிட்டயா, இல்லயா?”

“கேற்றடியில நிண்டு செருமினன் ராத்தா. இத்தா வீடு. ஆம்புள ஒருத்தன் பேரச் சொல்லிக் கூப்பிடுறது நல்லாயில்லையே எண்டு...”

“செருமினயா?” எனக்குக் கோபம் தலைக்கேறியது. “கடல் செருமிக்கிட்டாடா வரும்?”

மெகாபோனோடேயே ஓடினேன். எல்லோரும் கடலுக்கு முதுகு காட்டி வருகிறார்கள், நான் மட்டும் கடலைப் பார்த்து ஓடுகிறேன். எதிரே வந்தவர்கள், “என்ன, உண்மையா வருதா?” என்று பதறினார்கள். கையை அசைத்துவிட்டு ஓடினேன். ஒழுங்கை முனையில் ஒற்றைச் செருப்புக் கிடந்தது, நஸ்லினுடையது. இது ஒத்திகை, இது ஒத்திகை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யா அல்லாஹ், கால் நம்பினால்தானே!

கேற் திறந்து கிடந்தது. உள்ளறை வாசற்படியில் நஸ்லின் சம்மணம் கொட்டி இருந்தாள், பள்ளிக்கூடத்தில் ரீச்சருக்கு முன்னால் இருப்பதுபோல் ஒழுங்காக. உள்ளே பாயில் றுஸ்தா.

“ஏன்டி கிறுகி வந்த?” என்று பிள்ளையை உலுக்கினேன். “சைரன் கேட்டா ஓடச் சொன்னனல்லவா?”

“உம்மா வரல்லியே, பெரியம்மா.”

“உம்மா வராட்டி நீ ஓடணும்!”

நஸ்லின் என்னைப் பார்க்கவில்லை. தாயைத்தான் பார்த்தாள். “தண்ணி வந்தா ரெண்டு பேரும் வாப்பாக்கிட்டப் போகலாம்தானே, உம்மா? நீங்கதானே பெரியம்மாவுக்குச் சொன்ன.”

அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. பெருநாளைக்குப் போகிற இடத்தைக் கேட்பதுபோல் கேட்டாள். நான் பிள்ளையின் தோளில் வைத்த கையை எடுத்துவிட்டேன்.

றுஸ்தாவின் முகத்தை நான் அப்படி ஒரு நாளும் கண்டதில்லை, முர்ஷிதின் மையித்தைக் கொண்டுவந்த அன்றைக்கும் இல்லை. பிறகு பாயில் கையை ஊன்றி எழும்பினாள். எழும்பியவள் தடுமாறிச் சுவரைப் பிடித்தாள். இத்தனை நாள் இருந்த இடத்தில் இருந்த கால் எப்படி வரும்?

கொடியில் கிடந்த கறுப்பு அபாயாவை இழுத்து வெள்ளை உடுப்புக்கு மேலே போட்டாள். முகத்தை மூடினாள். “ராத்தா, அந்தச் சைரன இன்னொருக்கா அடிக்கச் சொல்லு,” என்றாள்.

நல்லரெத்தினம் சேருக்குப் போன் எடுத்தேன். “சேர், திரும்ப அடிக்கணும்.”

“ஒத்திகை முடிஞ்சுதே, தங்கச்சி. சனமும் வீட்டுக்குக் கிறுகிட்டு.”

“முடியல்ல சேர். ஒரு வீடு மிச்சமிருக்கு.” அதைச் சொல்லும்போது என்னையறியாமல் அழுதுவிட்டேன்.

“சரி, அடிக்கச் சொல்றன்,” என்றார்.

அதற்குள் என் பின்னால் ஓடிவந்த றஹீமாவும் வேறு சில பெண்களும் வளவுக்குள் வந்துவிட்டார்கள். றுஸ்தாவை நடுவில் விட்டுச் சுற்றி நின்றார்கள். சைரன் மறுபடி ஊளையிட்டது. புறப்பட்டோம்.

ஒழுங்கை முனையில் றாஸிக் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே போட்டு, வந்த ஆண்களையெல்லாம் அங்காலேயே மறித்து வைத்திருந்தான். நாங்கள் நெருங்கியதும் மதில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மதிலைப் பார்த்தபடியே, “றுஸ்தா ராத்தா! கெதியா வாங்க!” என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். முதலிலேயே அப்படிக் கூப்பிட்டிருக்க வேண்டியவன்.

றுஸ்தா முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். இரண்டு தரம் முழங்கால் மடிந்தது. றஹீமா தாங்கினாள். ஒரு தரமும் கடலைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வலது கை அபாயாவுக்கு வெளியே நீண்டு, நஸ்லினின் சடையை அடியோடு சுற்றிப் பிடித்திருந்தது.

“நோகுது உம்மா,” என்று நஸ்லின் சிணுங்கினாள். “கையப் புடிங்களன்.”

“கை வழுக்கும் மகள்,” என்றாள் றுஸ்தா. “நீ ஓடு.”